பேட்டும் பந்தும் சேர்த்து 110 ரூபாய்... பந்து மட்டும் எவ்வளவு? இன்டர்வியூவில் மாட்டிவிடும் சின்னக் கணக்குகள்... தப்பிப்பது எப்படி?

ஒரு சின்னக் கணக்கு. கால்குலேட்டரை எடுக்காதீங்க, மனசுக்குள்ளேயே போடுங்க.

ஒரு கிரிக்கெட் பேட்டும் ஒரு பந்தும் சேர்த்து விலை 110 ரூபாய். பேட்டின் விலை, பந்தின் விலையைவிட 100 ரூபாய் அதிகம். அப்படின்னா பந்தின் விலை எவ்வளவு?

'10 ரூபாய்' என்று பட்டென்று தோணுச்சா? நிறையப் பேருக்கு அதுதான் தோணும். ஆனால், சரியான விடை 5 ரூபாய்.

எப்படி? பந்து 10 ரூபாய் என்றால், அதைவிட 100 ரூபாய் அதிகமான பேட் 110 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 120 ஆகிவிடும். கேள்வியில் சொன்னது 110 தானே? பந்து 5, பேட் 105 என்று வைத்துப் பாருங்க. வித்தியாசம் 100, மொத்தம் 110. கணக்கு சரியாகப் பொருந்துது.

படிப்பு முடித்து முதல் வேலைக்குப் போகும் இளைஞர்களை, இந்த மாதிரி ஒரு நிமிடக் கணக்குகள்தான் பல இன்டர்வியூக்களில் திணறடிக்கின்றன. இத்தனைக்கும் இதற்குத் தேவையான கணிதம் எட்டாம் வகுப்பைத் தாண்டாது. அப்புறம் ஏன் தடுமாறுகிறோம்? எதிரில் இருப்பவர் இதில் என்ன பார்க்கிறார்? விரிவாகப் பார்க்கலாம் வாங்க.

எம்.ஐ.டி. மாணவர்களே தடுமாறிய கேள்வி

இந்த பேட்-பந்து கேள்வியைப் பிரபலமாக்கியவர் அமெரிக்கப் பேராசிரியர் ஷேன் ஃபிரெடெரிக். மூன்றே மூன்று கேள்விகள் கொண்ட ஒரு சோதனையை 2005-ல் அவர் வெளியிட்டார். அதில் முதல் கேள்வியே இதுதான். அவர் கேட்டது டாலர், சென்ட் கணக்கில். நாம் ரூபாய்க்கு மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான்.

அந்தச் சோதனையை 3,428 பேர் எழுதினார்கள். மூன்றுக்கும் சரியாக விடை சொன்னவர்கள் 17 சதவீதம் பேர் மட்டுமே. 33 சதவீதம் பேருக்கு மூன்றுமே தப்பு. உலகப் புகழ்பெற்ற எம்.ஐ.டி. மாணவர்களிலேயே மூன்றையும் சரியாகச் சொன்னவர்கள் 48 சதவீதம்தான்.

அதனால், 'எனக்குக் கணக்கு வராது' என்று நினைத்து ஒதுங்குபவர்கள் முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளணும். இங்கே தடுமாறுவது கணக்குத் தெரியாததால் அல்ல, முதலில் தோன்றிய விடையைச் சரிபார்க்காமல் சொல்லிவிடுவதால்தான்.

பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2002-ல் பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், 2011-ல் வெளியான தன் புத்தகத்தில் இதே கேள்வியை எடுத்து விளக்கியிருக்கிறார். நம் மூளை இரண்டு விதமாக வேலை செய்கிறது என்கிறார் அவர். ஒன்று, உடனே பதில் சொல்லும் வேகமான யோசனை. இன்னொன்று, நிதானமாகச் சரிபார்க்கும் மெதுவான யோசனை. '110, 100' என்ற எண்களைக் கேட்டதுமே வேகமான யோசனை 10-ஐ எடுத்து நீட்டிவிடுகிறது. மெதுவான யோசனை எழுந்து வருவதற்குள் நாம் வாயைத் திறந்துவிடுகிறோம்.

இன்டர்வியூ அறையில் பதற்றமும் சேர்ந்துகொள்வதால், இந்த வேகம் இன்னும் அதிகமாகிவிடும்.

சரி, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளை வகை பிரித்துப் பார்ப்போம். ஒவ்வொன்றிலும் பொறி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பயம் பாதி போய்விடும்.

1. 'ஒரே எண்' பொறி

5 பேர் சேர்ந்து 5 நிமிடத்தில் 5 முழம் பூ கட்டுகிறார்கள். அப்படின்னா 100 பேர் சேர்ந்து 100 முழம் கட்ட எத்தனை நிமிடம் ஆகும்?

5, 5, 5 என்று கேட்ட காதுக்கு 100, 100, 100 என்றுதான் வரும். விடை 100 நிமிடம் கிடையாது. வெறும் 5 நிமிடம்.

ஒரே ஒரு ஆளை மட்டும் கற்பனை செய்து பாருங்க. 5 பேர், 5 முழம் என்றால் ஆளுக்கு ஒரு முழம். அந்த ஒரு முழத்தைக் கட்ட ஒருவருக்கு ஆகும் நேரம் 5 நிமிடம். 100 பேர் உட்கார்ந்தாலும் ஆளுக்கு ஒரு முழம்தானே? எல்லாரும் ஒரே நேரத்தில் கட்டுவதால் 5 நிமிடத்தில் வேலை முடிஞ்சிடும்.

ஃபிரெடெரிக்கின் இரண்டாவது கேள்வி இதுதான். அவர் மெஷின்களை வைத்துக் கேட்டிருந்தார். 'வேலையும் நேரமும்' வகைக் கணக்கு எது வந்தாலும், 'ஒரு ஆள், ஒரு வேலை, எவ்வளவு நேரம்?' என்ற இடத்திலிருந்து ஆரம்பிங்க.

2. 'பாதி' பொறி

ஒரு ஏரியில் ஆகாயத்தாமரை படர்கிறது. தினமும் அது படர்ந்திருக்கும் பரப்பு இரண்டு மடங்காகிறது. ஏரி முழுவதும் மூட 48 நாள் ஆகிறது. பாதி ஏரி மூட எத்தனை நாள்?

48-ல் பாதி 24 என்று சொல்லத் தோன்றும். ஆனால், தினமும் இரண்டு மடங்காகிறது என்றால், 48-வது நாள் முழுசாக இருக்கும் ஏரி அதற்கு முதல் நாள் எப்படி இருந்திருக்கும்? பாதிதானே! அதனால் விடை 47 நாள்.

இது ஃபிரெடெரிக்கின் மூன்றாவது கேள்வி. இந்த வகைக் கணக்குகளில் முடிவிலிருந்து பின்னோக்கி வருவதுதான் வழி. முதல் நாளிலிருந்து எண்ணிக்கொண்டு போனால் தலை சுத்திடும்.

3. 'கடைசிப் படி' பொறி

30 அடி ஆழக் கிணற்றின் அடியில் ஒரு தவளை. பகலில் 3 அடி ஏறும். இரவில் 2 அடி சறுக்கும். எத்தனையாவது நாள் வெளியே வரும்?

ஒரு நாளைக்கு நிகரமாக 1 அடி, அப்போ 30 நாள் என்று சொல்லிவிடுவோம். விடை 28-வது நாள். 27 நாள் முடிவில் தவளை 27 அடியில் இருக்கும். 28-வது நாள் பகலில் 3 அடி ஏறினால் 30. கிணற்றை விட்டு வெளியே வந்துடும். வெளியே வந்த பிறகு எங்கே சறுக்குவது?

இதில் குழப்பம் இருந்தால் எண்ணைச் சின்னதாக்கிப் பாருங்க. கிணறு வெறும் 5 அடி என்று வைப்போம். முதல் நாள் 3 ஏறி 1-க்கு இறங்கும். இரண்டாம் நாள் 4-க்கு ஏறி 2-க்கு இறங்கும். மூன்றாம் நாள் 5-ஐத் தொட்டுவிடும். 5 அடிக்கு 3 நாள் என்றதும் 'இரண்டைக் குறைக்கணும்' என்பது புரிஞ்சிடும். 30-க்கு 28.

'10 பேர் ஒருவருக்கொருவர் கைகுலுக்கினால் மொத்தம் எத்தனை கைகுலுக்கல்?' என்ற கேள்விக்கும் இதே வழிதான். 3 பேருக்கு 3, 4 பேருக்கு 6 என்று சின்னதாக ஆரம்பித்தால் பாதை தெரிந்துவிடும். முதல் ஆள் 9 பேருடன், அடுத்தவர் மீதி 8 பேருடன்... இப்படியே 9+8+7 என்று 1 வரை கூட்டினால் 45.

4. 'சராசரி, சதவீதம்' பொறி

நடைமுறை வாழ்க்கையிலும் நம்மை ஏமாற்றுவது இந்த வகைதான்.

1,000 ரூபாய் சேலையின் விலையை 20 சதவீதம் ஏற்றிவிட்டு, பிறகு 20 சதவீதம் தள்ளுபடி என்று போர்டு வைக்கிறார் கடைக்காரர். இப்போ விலை என்ன? 'ஏத்துனதும் இறக்குனதும் சமம், அதே 1,000' என்று சொன்னால் மாட்டிக்குவீங்க. 20 சதவீதம் ஏறினால் 1,200. தள்ளுபடி அந்த 1,200-க்குத்தான். 1,200-ல் 20 சதவீதம் 240. ஆக, விலை 960 ரூபாய்.

எந்தத் தொகைக்குச் சதவீதம் என்பதை ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளணும்.

இன்னொன்று. ஒரு ஊருக்குப் போகும்போது காரின் வேகம் மணிக்கு 60 கி.மீ., திரும்பும்போது 40 கி.மீ. சராசரி வேகம் என்ன? 50 இல்லை, 48. தூரம் 120 கி.மீ. என்று நாமே வைத்துக்கொள்வோம். போக 2 மணி நேரம், வர 3 மணி நேரம். மொத்தம் 240 கி.மீ., 5 மணி நேரம். வகுத்தால் 48. மெதுவாக ஓட்டியபோது சாலையில் அதிக நேரம் இருந்திருக்கிறோம். அதனால்தான் சராசரி 40-ன் பக்கம் சாய்கிறது.

கேள்வியில் தூரம் சொல்லவில்லையே என்று பயப்பட வேண்டாம். சுலபமாக வகுபடும் ஒரு எண்ணை நாமே எடுத்துக்கொள்ளலாம். விடை மாறாது.

5. தராசுக் கணக்கு

பார்க்க ஒரே மாதிரி 9 காசுகள். அதில் ஒன்று மட்டும் எடை கூட. இரண்டு தட்டுத் தராசு ஒன்று இருக்கிறது. எடைக்கல் கிடையாது. குறைந்தபட்சம் எத்தனை முறை நிறுத்தால் அந்தக் காசைக் கண்டுபிடிக்கலாம்?

பலரும் 4, 4 என்று பிரித்து வைப்பார்கள். அப்படிப் போனால் 3 முறை வரை நிறுக்க வேண்டியிருக்கும். 3, 3, 3 என்று பிரித்தால் இரண்டே முறை போதும்.

முதல் முறை மூன்றுக்கு மூன்று வைங்க. ஒரு தட்டு இறங்கினால் கூடுதல் எடைக் காசு அதில் இருக்கிறது. இரண்டும் சமமாக நின்றால் வெளியே இருக்கும் மூன்றில் இருக்கிறது. இப்போ மூன்றே காசுதான் பாக்கி. அதில் ஒன்றுக்கு ஒன்று வைத்தால் விடை தெரிந்துவிடும்.

தராசு நமக்கு இடது, வலது, சமம் என்று மூன்று பதில் சொல்லும். நாம் இரண்டை மட்டும் பயன்படுத்துகிறோம். அந்தக் கவனம் இருக்கிறதா என்பதைத்தான் இந்தக் கேள்வி பார்க்கிறது.

6. சரியான விடையே இல்லாத கேள்வி

'எதிர்ல இருக்கிற டீக்கடையில ஒரு நாளைக்கு எத்தனை டீ விக்கும்?' திடீரென்று இப்படிக் கேட்டால் முழிக்காதீங்க. துல்லியமான எண் கேட்பவருக்கும் தெரியாது. நீங்கள் எப்படி ஒரு நியாயமான மதிப்பீட்டுக்கு வருகிறீர்கள் என்பதுதான் விஷயம்.

காலை 5 மணி முதல் இரவு 9 மணி வரை கடை திறந்திருக்கிறது என்று வைப்போம். மொத்தம் 16 மணி நேரம். காலையும் மாலையும் சேர்த்து 6 மணி நேரம் கூட்டம். அப்போ நிமிடத்துக்கு ஒரு டீ என்றால் 360. மீதி 10 மணி நேரம் 3 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 200. மொத்தம் 560.

இங்கேயே நிறுத்திவிடாமல் இன்னொரு பக்கமிருந்து சரிபாருங்க. ஒரு டீக்கு 75 மி.லி. பால் என்றால் 42 லிட்டர் பால் வேண்டும். அந்தக் கடைக்குத் தினமும் 42 லிட்டர் பால் இறங்குமா? இறங்காது என்று தோன்றினால் எண்ணைக் குறைச்சுக்கலாம். இந்த இரண்டாவது படியைச் செய்பவர்கள் குறைவு. செய்தால் தனியாகத் தெரிவீங்க.

கண்ணுக்குத் தெரிவதை வைத்துத் தெரியாததைக் கணிப்பது நமக்குப் புதுசு இல்லை. காரி நாயனாரின் 'கணக்கதிகாரம்' என்ற பழைய தமிழ்க் கணித நூலில், பலாப்பழத்தை வெட்டாமலே சுளைகளைக் கணக்கிட ஒரு வழி இருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, 6-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுக்க வேண்டும் என்கிறது அது.

எதிரில் இருப்பவர் என்ன பார்க்கிறார்?

பேட்-பந்து கேள்விக்கு இரண்டு பேர் பதில் சொல்கிறார்கள் என்று வைப்போம்.

முதல் ஆள்: "10 ரூபாய் சார்."

இரண்டாவது ஆள்: "முதல்ல 10-னு தோணுது சார். ஆனா பந்து 10-னா பேட் 110 ஆகும், மொத்தம் 120 ஆயிடுது. அதனால 10 இல்ல. 110-ல அந்த 100 வித்தியாசத்தை எடுத்துட்டா 10 மிச்சம். அதை ரெண்டா பிரிச்சா பந்து 5, பேட் 105. கூட்டினா 110 சரியா வருது சார்."

இரண்டாவது ஆள் எடுத்துக்கொண்டது கூடுதலாக அரை நிமிடம்தான். ஆனால் தன் தப்பைத் தானே பிடித்தார், காரணம் சொன்னார், கடைசியில் சரிபார்த்தார். வேலையிலும் ஒரு பில்லையோ, ரிப்போர்ட்டையோ, கோடையோ இப்படித்தான் பார்ப்பார் என்ற நம்பிக்கை எதிரில் இருப்பவருக்கு வருகிறது.

அறைக்குள் செய்ய வேண்டியவை

* கேள்வி புரியவில்லை என்றால் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேளுங்க. ஆங்கிலத்தில் வேகமாகக் கேட்கும்போது 'சேர்த்து', 'விட அதிகம்' போன்ற ஒரு சொல் தவறினாலே கணக்கு மாறிவிடும். திரும்பக் கேட்பதில் எந்தக் குறையும் இல்லை.
* பேப்பர், பேனா பயன்படுத்தலாமா என்று கேளுங்க. எண்களை எழுதிவிட்டாலே பதற்றம் குறையும்.
* முதலில் வந்த விடையை உடனே சொல்லாதீங்க. அதைக் கேள்விக்குள் திருப்பிப் போட்டுப் பாருங்க. பொருந்தினால் மட்டும் சொல்லுங்க.
* மனசுக்குள் யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லுங்க. நீங்கள் அமைதியாக இருந்தால், யோசிக்கிறீர்களா, திணறுகிறீர்களா என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியாது. பாதி வழி சரியாகப் போனால் அவரே ஒரு குறிப்பு கொடுக்கவும் வாய்ப்பிருக்கிறது.
* ஏற்கெனவே கேட்ட கேள்வி என்றால், 'இது எனக்குத் தெரிஞ்ச கேள்வி சார்' என்று சொல்லிவிட்டு விளக்குங்க. புதுசாக யோசிப்பது போல நடித்தால், எண்ணை மாற்றிக் கேட்கும்போது மாட்டிக்குவீங்க.
* வரவே இல்லையா? எதுவரை வந்தீர்கள், எங்கே நிற்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுங்க. அதையே நினைத்துக்கொண்டு மற்ற பதில்களைக் கெடுத்துக்காதீங்க.

இந்தக் கேள்விகள் சரியான அளவுகோலா?

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. புதிர் கேட்டு ஆள் எடுப்பதில் ஒரு காலத்தில் பெயர் பெற்ற நிறுவனம் மைக்ரோசாஃப்ட். சாலையில் இருக்கும் பாதாளச் சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது என்பது அப்போது பிரபலமான கேள்வி. வட்ட மூடியை எப்படித் திருப்பினாலும் அதன் துளைக்குள் விழாது என்பது வழக்கமான பதில். கூகுளும் இதே பாதையில் போனது. ஒரு விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்துகள் அடங்கும் என்ற ரகக் கேள்விகள் அங்கே கேட்கப்பட்டன.

ஆனால், கூகுளின் மனிதவளப் பிரிவுத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், 2013-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்கு அளித்த பேட்டியில், இந்தப் புதிர்கள் முழுக்க நேர விரயம் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஒருவர் வேலையில் எப்படி இருப்பார் என்பதை இவை கணிப்பதில்லை, கேட்பவர் தன்னைப் புத்திசாலியாக உணரத்தான் உதவுகின்றன என்பது அவர் கருத்து.

அதனால், ஒரு இன்டர்வியூவில் தவளைக் கணக்கைத் தவறவிட்டதால் நீங்கள் திறமை இல்லாதவர் என்று ஆகிவிடாது. பயிற்சி மையத்துக்குப் போனவருக்கு ஏற்கெனவே தெரிந்த கேள்வி, கிராமத்திலிருந்து முதல் தலைமுறைப் பட்டதாரியாக வந்தவருக்குப் புதுசாக இருக்கலாம். அது அறிவில் உள்ள வித்தியாசம் இல்லை, அறிமுகத்தில் உள்ள வித்தியாசம்.

அதேநேரம், கேள்விகள் நின்றுவிடவில்லை என்பதும் உண்மை. ஐ.டி. நிறுவனங்களின் ஆன்லைன் தேர்வுகளில் ஆப்டிட்யூட் பகுதி வழக்கமான ஒன்று. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்விலும் மொத்தம் 200 கேள்விகளில் 25 கேள்விகள் திறனறிவும் மனக்கணக்கும் சார்ந்தவை. வேலைக்கு முயற்சி செய்பவர்களால் இதைத் தவிர்க்க முடியாது.

எப்படிப் பயிற்சி எடுக்கலாம்?

ஒரே நாளில் 100 புதிர் மனப்பாடம் செய்வதில் பயனில்லை. தினமும் இரண்டு போதும். விடையைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் விடையைக் கேள்விக்குள் வைத்துப் பாருங்க. பிறகு அதை நண்பருக்கோ, வீட்டில் தம்பி, தங்கைக்கோ வாய்விட்டு விளக்குங்க. அவர்களுக்குப் புரிந்தால், இன்டர்வியூவில் எதிரில் இருப்பவருக்கும் புரியும்.

இன்றைக்கே ஒன்றை வைத்து ஆரம்பிக்கலாமா? ஒரு முழுச் செங்கல்லின் எடை, 1 கிலோவும் அரைச் செங்கல்லும் சேர்ந்த எடைக்குச் சமம். அப்படின்னா ஒரு செங்கல் எத்தனை கிலோ?

'ஒன்றரை கிலோ' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்திருக்கும். சொல்றதுக்கு முன்னாடி, அந்த ஒன்றரையைக் கேள்விக்குள் ஒரு தடவை போட்டுப் பாருங்க. ஒன்றரையில் பாதி முக்கால், அதோடு 1 கிலோ... கூட்டினால் எவ்வளவு வருது?